கிணற்று மேட்டில் ஒரு லிஸ்டர்



போன மாதம் வாசகர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். சேவூருக்கு மேற்கே அவருக்குத் தோட்டம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நிலக்கடலை மூட்டை கொண்டுவந்தவர், ஏலம் முடிந்த கையோடு நம்மையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று படியேறியிருக்கிறார். பத்திரிகையைப் பற்றி ரெண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னார். மழை பற்றிப் பேசினோம். கிளம்பும்போதுதான், வந்த விஷயத்தையே மறந்தவர்போல, நின்று கேட்டார்.

“ஏனுங்க, எங்க அப்பாரு காலத்து ஆயில் எஞ்சின் ஒண்ணு கெணத்து மேட்டுல கெடக்குதுங்க. காயலான் கடைக்காரரு வந்து பாத்துட்டுப் போயிருக்காரு. கிலோக் கணக்குல கேக்கறாரு. போட்டுறட்டுங்களா?”

“போட வேண்டாமுங்க. நான் வந்து ஒருக்காப் பாக்கறேன்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு அன்றைக்கு என்னிடம் நல்ல காரணம் இருக்கவில்லை. ஆயில் எஞ்சின் என்ற சொல்லைக் கேட்டதும் மூக்கில் குருடாயில் வாசம் ஏறிவிட்டது, அவ்வளவுதான். இந்த மாத ஆசிரியர் பக்கம் அந்த எஞ்சினுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். கிணற்று மேட்டில் ஓடு சரிந்த மோட்டார் ரூம். புதிய கம்ப்ரசரும் சுவிட்சு போர்டும் பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் கட்டடத்தில் இருக்கின்றன. பழைய ரூமுக்குள் தென்னை மட்டை, கிழிந்த தார்ப்பாய், பழைய டிரிப் குழாய்ச் சுருள்கள். இவற்றுக்கெல்லாம் நடுவில், இரண்டு பெரிய சக்கரங்களோடு, கான்கிரீட் பீடத்தில் போல்ட் கழற்றாமல் அப்படியே நின்றது. சிலிண்டர் மேல் ஒரு விரற்கடைக்குத் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும். துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாகப் பித்தளைத் தகடு ஒன்று வெளியே வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ஆர். ஏ. லிஸ்டர் அண்ட் கம்பெனி லிமிடெட், டர்ஸ்லி, இங்கிலாந்து. கீழே எண்ணும், குதிரைத்திறன் 5, சுற்று 600 என்றும் பொறித்திருந்தது.

அவருடைய பேத்தி, ஏழாவது படிக்கிற பெண், “டர்ஸ்லின்னா எங்கீங்க தாத்தா?” என்று கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு அதையே தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க, இது நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்று தோன்றிவிட்டது.

டர்ஸ்லி என்பது இங்கிலாந்தின் மேற்கே, குளோஸ்டர்ஷயரில் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி இதுதான்: அது ஒரு துணி ஊர். நமக்குப் பருத்தி எப்படியோ அப்படி அவர்களுக்குக் கம்பளி. ஸ்டிரௌட் பள்ளத்தாக்கும் அதைச் சுற்றிய ஊர்களும் பல தலைமுறையாகக் கம்பளித் துணிக்குப் பெயர்போனவை. ஓடைத் தண்ணீரில் மில் சக்கரம் ஓடியது. பிறகு பெரிய நீராவி மில்கள் வடக்கே யார்க்ஷயரில் வந்தன, விலை விழுந்தது, கடன் ஏறியது. 1830களின் கடைசியில் டர்ஸ்லியின் துணித்தொழில் படுத்துவிட்டது. மில்கள் மூடின. ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்த மூடிய மில்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொழில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஜார்ஜ் லிஸ்டர் என்று ஒருவர். யார்க்ஷயரிலிருந்து 1817 வாக்கில் அங்கே குடிவந்தவர். அவர் செய்தது துணி அல்ல. கார்டிங் மிஷினின் உருளைமேல் சுற்றுகிற, கம்பிப் பல் வைத்த பட்டை. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பஞ்சானாலும் கம்பளியானாலும் அந்தப் பல்லில் சீவித்தான் இழை நேராகும். தோலில் ஒரே அளவாக, ஒரே சாய்வாக ஆயிரக்கணக்கான கம்பிகளைப் பதிக்க வேண்டும். ஒரு பல் வளைந்தாலும் நூலில் தெரிந்துவிடும். துணிக்கு வேண்டிய பக்கத்தொழில்தான் அது. ஆனால் கம்பியும் இரும்பும் அளவும் தெரிந்த கைகளை அது அந்த ஊரில் வைத்திருந்தது.

ஜார்ஜின் மகன் ராபர்ட் ஆஷ்டன் லிஸ்டர், 1845இல் பிறந்தவர். 1867இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்கு அப்பாவின் தொழில் சார்பாகப் போனார். திரும்பி வந்ததும் அப்பாவோடு மனத்தாங்கல். அதே ஆண்டு, ஒரு பழைய மில் கட்டடத்தில் சொந்தமாகக் கடை போட்டார். வயது 22. விவசாயக் கருவிகள் செய்தார். டர்ஸ்லியின் பெயர் உலகத்துக்கெல்லாம் போனது அந்தக் கடையிலிருந்துதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். திருப்பூரிலும் அவிநாசியிலும் நாம் தொழில் என்று சொல்லும்போது ஏற்றுமதி ஆர்டரைச் சொல்கிறோம், கோடிகளைச் சொல்கிறோம். நிட்டிங் மிஷினுக்கு ஊசி தேடித் தருகிறவரையும், தேய்ந்த கேமை லேத்தில் சரிசெய்கிறவரையும், காம்பாக்டிங் மிஷினின் பேரிங்கை இரவு 11 மணிக்கு வந்து மாற்றித் தருகிறவரையும் கணக்கில் சேர்ப்பதில்லை. துணி ஊர் ஒன்றுக்குக் கெட்ட காலம் வந்தபோது அந்த ஊரைத் தூக்கி நிறுத்தியது அப்படிப்பட்ட ஒருவருடைய மகன்தான். இதை நான் நம் ஊருக்குச் சொல்ல வேண்டிய சேதியாகவே நினைக்கிறேன்.

ஆஷ்டன் லிஸ்டர் எடுத்த எடுப்பில் எஞ்சின் செய்துவிடவில்லை. முதலில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பாலிலிருந்து கிரீம் பிரிக்கிற மிஷின். டென்மார்க்கைச் சேர்ந்த மிக்கேல் பெடர்சன் வடிவமைத்தது. ‘அலெக்சாண்ட்ரா’ என்ற பெயரில் லிஸ்டர் விற்றார். பிறகு பெடர்சனே டர்ஸ்லிக்குக் குடிவந்துவிட்டார். அவர் கண்டுபிடித்த சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. தோல் சீட்டு உறுத்துகிறது என்று, கயிற்றால் பின்னிய ஊஞ்சல்போன்ற சீட்டு ஒன்றைச் செய்து, அதைத் தாங்குவதற்கென்றே சைக்கிளின் சட்டம் முழுவதையும் முக்கோண முக்கோணமாகக் கட்டினார். நம் ஊர் நாடாக் கட்டிலில் உட்கார்ந்து சைக்கிள் மிதிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். டர்ஸ்லி பெடர்சன் என்று இன்றைக்கும் சேகரிப்பவர்கள் தேடி அலைகிற வண்டி அது.

எஞ்சின் வந்தது 1909இல். லண்டன் நிறுவனம் ஒன்றிடமிருந்து உரிமை வாங்கிப் பெட்ரோல் எஞ்சின் செய்யத் தொடங்கினார்கள். பால் பண்ணைக்கும், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் மிஷினுக்கும், வீட்டு விளக்குக்கும் ஏற்ற சிறிய எஞ்சின்கள். ஆஷ்டன் லிஸ்டர் 1911இல் சர் பட்டம் பெற்றார். 1918 முதல் 1922 வரை ஸ்டிரௌட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1920களின் நடுவில் அவருடைய பேரன்மார், பெர்சி லிஸ்டரும் சகோதரர்களும், நிர்வாகத்துக்கு வந்தார்கள். அவர்கள் காலத்தில்தான் நம் கிணற்று மேட்டுக்கு வந்து சேர்ந்த எஞ்சின் பிறந்தது.

அதன் பெயர் சி.எஸ். ‘கோல்டு ஸ்டார்ட்’ என்பதன் சுருக்கம். சூடேற்றாமலேயே ஸ்டார்ட் ஆகும் எஞ்சின் என்று பொருள். இந்தப் பெயரின் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய கதையையும் சொல்ல வேண்டும்.

ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்பவர் 1885இல் உருக்கிய வெள்ளீயம் இருந்த பாத்திரத்தில் கைதவறி மண்ணெண்ணெயைக் கொட்டிவிட்டார் என்றும், அது ஆவியாகி விளக்கில் பட்டுக் குப்பென்று பற்றிக்கொண்டது என்றும், அந்த ஆவியை வைத்தே எஞ்சின் ஓட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது என்றும் சொல்வார்கள். 1890இல் காப்புரிமை பெற்றார். கிரான்தம் ஊரிலிருந்த ரிச்சர்ட் ஹார்ன்ஸ்பி நிறுவனம் அதை வாங்கி, 1890களின் தொடக்கத்திலேயே கனத்த எண்ணெயில் ஓடும் எஞ்சின்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ருடால்ஃப் டீசல் தன்னுடைய எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக்காட்டியது 1897இல். ஹார்ன்ஸ்பி அதற்குமுன்பே சந்தையில் இருந்தது. ஆனால் ஹார்ன்ஸ்பி எஞ்சினுக்கு ஒரு தொந்தரவு உண்டு. சிலிண்டரின் பின்னால் குண்டுபோல ஒரு பகுதி இருக்கும். அதைத் தீ ஊதும் விளக்கால் நிமிடக்கணக்கில் சூடேற்றிச் சிவக்க வைத்தபிறகுதான் எஞ்சின் எடுக்கும். மழைக்காலத்தில் காடு கழனியில் அதைச் செய்வது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1929, 1930 வாக்கில் வந்த லிஸ்டர் சி.எஸ்.ஸுக்கு விளக்கும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. ஒரு ஆளும் ஒரு கைப்பிடியும் போதும். 

சின்ன வயதில் எங்கள் அப்புச்சி தோட்டத்தில் எஞ்சின் எடுப்பதைப் பார்ப்பதற்கென்றே விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடுவேன். அப்புச்சி முதலில் எண்ணெய்க் கேனில் ராக்கர்களுக்குச் சொட்டுச் சொட்டாக விடுவார். சிலிண்டர் தலைப்பக்கம் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கைச்சக்கரத்தை உள்ளே திருகி வைப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வால்வைத் தூக்கும் நெம்பைத் தூக்கிவிட்டு, கைப்பிடியை மாட்டிச் சுற்றத் தொடங்குவார். அந்தக் கனத்த இரண்டு சக்கரமும் முதலில் மனசில்லாமல் அசையும். பிறகு வேகம் பிடிக்கும். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்கள் பக்கமே வைத்துக்கொள்வார். “பெருவெரல மறுபக்கம் போட்டியோ, திருப்பி அடிச்சா மணிக்கட்டு போயிரும் கண்ணு” என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். சக்கரம் நல்ல வேகத்துக்கு வந்ததும் நெம்பை விடுவார். ஒரு விநாடி ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அப்புறம் டுக் என்று ஒன்று. இடைவெளி விட்டு இன்னொன்று. கூரைக்கு மேலே குழாயிலிருந்து கறுப்பாக ஒரு வளையம் கிளம்பும். எஞ்சின் சூடேறிய பிறகு கைச்சக்கரத்தை வெளியே திருகிவிட்டால் சத்தம் மிருதுவாகிவிடும்.

நிமிடத்துக்கு 600 சுற்று, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். ஆகையால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 300, விநாடிக்கு 5. எண்ணிப் பார்க்கக்கூடிய வேகம். ஊருக்குள் இருந்தபடியே, “இன்னாரு தோட்டத்துல எஞ்சின் எடுத்துட்டாங்க”, “அவுங்களுக்குத் தண்ணி எறங்கிருச்சாட்ட இருக்குது, எஞ்சின் லேசா ஓடுது” என்று காதாலேயே சொல்லிவிடுவார்கள்.

எஞ்சின் ஓடினால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது. ஃபுட் வால்வு கசிந்து ராத்திரியில் குழாயிலிருந்த தண்ணீர் இறங்கியிருக்கும். பம்பின் வாயைத் திறந்து குடம் குடமாக ஊற்ற வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். சாணி போய் வால்வின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் அச்சடித்த எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் இந்த வைத்தியம் இருக்காது. கண்டுபிடித்தவர் நம் பக்கத்துக்காரர் யாரோ.

இன்னொரு சங்கடம் ஆழம். மேலிருந்து உறிஞ்சுகிற பம்பு ஏறக்குறைய 25 அடிக்குமேல் இழுக்காது. காற்றின் அழுத்தம் கொடுக்கிற எல்லை அது, யார் செய்த பம்பானாலும் மாறாது. நம் பக்கத்துக் கிணறுகளோ 60 அடி, 80 அடி. அதனால் கிணற்றுக்குள்ளேயே பாறையில் திட்டு வெட்டி, அதில் பம்பை உட்காரவைத்து, மேலே எஞ்சினிலிருந்து நீளமான பெல்ட்டைக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். கோடையில் தண்ணீர் கீழே போகப்போக, பம்பையும் கீழே இறக்க வேண்டும். பெல்ட்டையும் நீட்ட வேண்டும். சில இடங்களில் எஞ்சினையே கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இறக்கி வைத்தார்கள். புகை தேங்கிய கிணற்றில் இறங்கி உயிரைவிட்டவர்களும் உண்டு. அந்தக் குடும்பங்களையும் இந்தக் கதையில் மறந்துவிடக் கூடாது.

ஆயில் எஞ்சினைக் கிணற்றோடு முடிச்சுப்போடும் யோசனை சென்னை ராஜதானியில் லிஸ்டர் சி.எஸ். பிறப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே கவலையில் மாடு இறைக்கிற தண்ணீருக்கும் எஞ்சினும் பம்பும் இறைக்கிற தண்ணீருக்கும் செலவுக் கணக்குப் போட்டுப் பார்த்தவர். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டவரும் அவர்தான். பின்னாளில் தொழில்துறை இயக்குநரானார். அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது என்று 1910இல் லண்டனிலிருந்து இந்திய மந்திரி மார்லி பிரபு உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு சாட்டர்டன் மைசூருக்குப் போய்விட்டார். நீர் இறைப்பு பற்றி அவர் எழுதிய நூல் 1912இல் சென்னையில் வெளியானது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி, நம் கவலை மாட்டின் நடையையும் சாலின் கொள்ளளவையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைப் பற்றிப் பேசினார் என்பது அவர்மேல் எனக்கு மரியாதையை உண்டாக்குகிறது.

கவலை ஓட்டுவதைப் பார்த்த தலைமுறை இப்போது குறைந்துவிட்டது. மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். பின்னாலேயே நடந்து மேலேறினால் சால் கீழே போகும். வடக்கயிற்றின்மேல் ஆள் உட்கார்ந்துகொள்வான். விடிகாலையில் பூட்டினால் வெயில் ஏறும்வரை இந்த நடைதான். பக்கத்தில் 5 குதிரைத்திறன் எஞ்சினின் கணக்கை வைத்துப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் என்பது ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஒரு அடி தூக்குவது. நீராவி எஞ்சின் விற்ற ஜேம்ஸ் வாட் தன் வாடிக்கையாளர்களுக்குப் புரியவைக்கப் போட்ட கணக்கு அது. 5 குதிரைத்திறன் என்றால் 50 அடி ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு 1,500 லிட்டர். பம்பிலும் பெல்ட்டிலும் பாதி போனாலும் 700 லிட்டருக்குக் குறையாது. மாட்டுக்கும் ஓய்வு, ஆளுக்கும் ஓய்வு. மஞ்சளும் கரும்பும் பருத்தியும் கூடுதலாக வைக்கலாம் என்ற துணிவு இந்த 700 லிட்டரில் வந்தது.

இங்கே வந்தது லிஸ்டர் எஞ்சின் மட்டும் அல்ல. ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1918இல் லிங்கனிலிருந்த ரஸ்டனோடு சேர்ந்து ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி ஆனது. அதன் எஞ்சின்களும் வந்தன. இங்கிலாந்தின் யோவில் ஊரில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பத்தின் இரட்டைப் பிள்ளைகள் எர்னஸ்ட், பெர்சிவல் பெட்டர் இருவரும் 1895இல் எஞ்சின் செய்யத் தொடங்கினார்கள். அந்தப் பெட்டர் வழியில் வந்த மாதிரிதான் 1946இல் புனேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் மூலம் ‘ஏவி ஒன்’ என்ற பெயரில் நம் தோட்டங்களுக்குள் நுழைந்தது. வேகமான எஞ்சின், நிமிடத்துக்கு 1,500 சுற்று. சிறியது, விலையும் குறைவு. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். கிர்லோஸ்கர் வந்தபிறகு லிஸ்டர் வாங்கியவர்கள் குறைவு.

ஆனாலும் வைத்திருந்தவர்கள் லிஸ்டரை விடவில்லை. பழைய பட்டறைக்காரர் ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். அவர் எஞ்சினைக் கழற்றத் தொடங்கி ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. “இது மூடி வெச்ச மிஷின் இல்லீங்க. தண்டு எங்க போவுது, ராக்கர் எதை அமுக்குது, எல்லாங் கண்ணுல தெரியும். கதவத் தொறந்தா கிராங்கு தெரியும். நான் பள்ளிக்கோடம் நாலாப்பு. இதுதானுங்க எனக்குப் பாலிடெக்னிக்கு” என்றார். பேரிங் உலோகத்தை உருக்கி ஊற்றி, சுரண்டிச் சுரண்டி தண்டுக்குப் பொருத்துவதை இந்த எஞ்சினில்தான் கற்றிருக்கிறார். நாசில் மட்டும் வெளியூரிலிருந்து வரவேண்டும். மற்றதெல்லாம் கோயமுத்தூர் வார்ப்பாலைகளிலும் உள்ளூர் லேத்திலும் செய்துகொள்ளலாம். கொங்கு நாட்டில் மெஷின் அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பி.எஸ்.ஜி. பட்டறையைச் சொல்வோம், ஜி.டி. நாயுடுவைச் சொல்வோம். அது சரிதான். அவர்களோடு சேர்த்து, ஆயிரம் கிணற்று மேடுகளில் விடிவதற்குள் எஞ்சின் எடுக்கக் கற்ற குடியானவப் பையன்களையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

குஜராத்தின் ராஜ்கோட்டில் இந்தப் பாடத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். விடுதலைக்குப் பிறகு அங்கிருந்த சிறு பட்டறைகள் லிஸ்டரைப் பார்த்தே அச்சு அசலாகச் செய்யக் கற்றுக்கொண்டன. டர்ஸ்லியில் உற்பத்தி நின்றபிறகும் ராஜ்கோட்டில் நிற்கவில்லை. அங்கே செய்தவை ஆப்பிரிக்காவுக்கும் போயின. சந்தையில் ‘லிஸ்டர் டைப்’ என்று விற்பது அவற்றைத்தான்.

நம் பக்கத்தில் எஞ்சினை ஓரங்கட்டியது மின்சாரம். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தது, மில்கள் பெருகின. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கம்பி காட்டுக்குள்ளும் நடந்தது. சுவிட்சைப் போட்டால் தண்ணீர். குருடாயில் டின் தூக்க வேண்டாம், கைப்பிடி சுற்ற வேண்டாம். ஆனால் அதுவரை தன் எஞ்சினுக்குத் தானே எஜமானாக இருந்த விவசாயி, மின்கட்டணச் சீட்டுக்குக் கட்டுப்பட்டவனானான். கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில், நமக்கு அடுத்த ஊரான பெருமாநல்லூரில், 1970 ஜூன் 19 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1990இல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதற்குப் பின்னால் இருந்தது இத்தனை வருஷப் போராட்டம். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் மின்வெட்டு வாட்டியபோது, பனியன் கம்பெனிகளின் வாசலில் டீசல் ஜெனரேட்டர்கள் உறுமியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது ஒரு தோட்டத்தில் பழைய லிஸ்டரைத் துடைத்து எடுத்து மறுபடியும் ஓட்டினார்கள் என்று கேள்விப்பட்டு நான் போய்ப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் எடுத்துவிட்டது.

இன்றைக்குத் தண்ணீர் தேடும் வேலை வேறு அளவுக்குப் போய்விட்டது. 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசி திட்டத்தில், பவானியின் உபரிநீர் 6 நீரேற்று நிலையங்கள் வழியாக மேடேறி, மூன்று மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு வருகிறது. மூன்று தலைமுறை கேட்ட தண்ணீர். அந்த ராட்சச மோட்டார்களைப் பார்த்து நான் மகிழ்கிறேன். 5 குதிரைத்திறனில் தொடங்கிய நம்பிக்கை அங்கே போய் நிற்கிறது.

டர்ஸ்லியில் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். லிஸ்டர் நிறுவனம் 1965இல் ஹாக்கர் சிட்லி குழுமத்தின் கைக்குப் போனது. 1986இல் பழைய போட்டியாளரான பெட்டரோடு சேர்த்து லிஸ்டர் பெட்டர் ஆக்கினார்கள். சி.எஸ். எஞ்சின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாற்றம் இல்லாமல் உற்பத்தியில் இருந்துவிட்டு நின்றது. ஒரு காலத்தில் ஊரே வேலைக்குப் போன தொழிற்சாலை இடத்தில் இப்போது வீடுகள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் எஞ்சின்களை விட்டுவிடவில்லை. எண்களைப் பதிவு செய்கிறார்கள், துடைத்து ஓட்டிக் காட்டுகிறார்கள். 1929இல் கோபன்ஹேகனில் இறந்த பெடர்சனின் எச்சங்களை 1995இல் டர்ஸ்லிக்கே கொண்டுவந்து மறுபடி அடக்கம் செய்தார்கள். தங்கள் ஊருக்கு உழைத்தவரை ஊர் மறக்கக் கூடாது என்ற எண்ணம்தான்.

நாம் கோயில் கல்வெட்டைப் படிக்கிறோம், நடுகல்லுக்கு மாலை போடுகிறோம். நூறு வருஷத்துக்குள் நம் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட இரும்பைக் கிலோக் கணக்கில் எடைபோட்டுவிடுகிறோம். ஒரு லிஸ்டர் 300 கிலோவுக்கு மேல் கனக்கும். உடைத்துப் போட்டால் கையில் கொஞ்சம் பணம் வரும்தான். தேவைப்படுகிறவர் போடுவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் தோட்டத்திலோ, பழைய அரிசி மில்லிலோ, கடலை உடைக்கும் மிஷின் இருந்த கொட்டகையிலோ பழைய ஆயில் எஞ்சின் கிடந்தால், தகட்டைத் துடைத்து ஒரு புகைப்படம் எடுங்கள். டர்ஸ்லி என்று இருந்தால் இங்கிலாந்திலிருந்து வந்தது. லிஸ்டர் டைப் என்று இருந்தால் நம் நாட்டிலேயே செய்தது, அதுவும் நமக்கு வேண்டும். எந்த ஆண்டு வாங்கியது, என்ன விலை, எங்கிருந்து வண்டியில் வந்தது, எந்தப் பட்டறைக்காரர் பார்த்தார், வீட்டில் யார் கைப்பிடி சுற்றினார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். கணக்கு நோட்டில் பழைய ரசீது இருந்தால் அதன் நகலும் வைக்கலாம். எழுத வராது என்றால் ஒரு நாள் அலுவலகத்துக்கு வாருங்கள், சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொள்கிறோம். வந்து சேருகிறவற்றை அடுத்த சில இதழ்களில் தொடர்ந்து வெளியிடுகிறோம்.

முதல் பதிவு வந்துவிட்டது. மேற்குத் தோட்டத்து வாசகர் தன் எஞ்சினைக் காயலான் கடைக்குப் போடவில்லை. மோட்டார் ரூமின் ஓட்டை மாற்றியிருக்கிறார். பேத்தி தன் நோட்டில் தகட்டின் எழுத்துகளை அப்படியே வரைந்து, கீழே தமிழில் ‘டர்ஸ்லி’ என்று எழுதி நமக்கு அனுப்பியிருக்கிறாள். நாசில் மாற்றினால் ஓடும் என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தை பிறந்ததும் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்